வோல்டேஜ் மாற்றும் வேப்: பெரிய மாடலுக்கு மாறலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடியில் ஸ்டெபிலைசர், இன்வெர்ட்டர் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். அதற்கு முன் பதினோரு வருடம் கோலாலம்பூரில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் ரிப்பேர் கடையில் வேலை. அங்கே இருந்தபோதுதான் சிகரெட்டை விட்டு வேப்புக்கு, அதாவது மின் சிகரெட்டுக்கு, மாறினேன்; மூன்று வருடம் கழித்து அதையும் விட்டேன். 'இவனுக்குக் கரண்டும் தெரியும், புகையும் தெரியும்' என்று ஊரில் முடிவு கட்டிவிட்டார்கள் போலிருக்கிறது. லண்டன், துபாய், கோலாலம்பூர் என்று இருக்கும் பங்காளி வீட்டுப் பிள்ளைகள் படைப்புக்கோ கல்யாணத்துக்கோ வந்தால், சாப்பாடு முடிந்து பெரியவர்கள் கண்ணயரும் நேரமாகப் பார்த்துத் திண்ணைக்கு வந்து, "அண்ணே, ஒரு சந்தேகம்" என்று ஆரம்பிக்கிறார்கள். பெரும்பாலும் ஒரே சந்தேகம்தான். கையில் இருக்கும் சின்ன பேனா வடிவ வேப்பைப் போட்டுவிட்டு, வோல்டேஜ் கூட்டிக் குறைக்கும் விலை உயர்ந்த மாடல் வாங்கலாமா?

திரும்பத் திரும்பச் சொல்லி வாய் வலித்ததால் எழுதி வைத்துவிட்டேன். இது வேப் விற்பனை சட்டப்படி நடக்கும் நாடுகளில் இருக்கிற, ஏற்கெனவே பழக்கம் உள்ள பெரியவர்களுக்கு. புகையே பிடிக்காதவர்கள் புதிதாக ஆரம்பிக்க இதில் ஒரு காரணமும் கிடையாது.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள்: மாறலாமா, வேண்டாமா?

என்னிடம் கேட்பவர்களில் பெரும்பாலோருக்கு வேண்டாம். அவர்களுடைய குறை காயிலிலோ (சூடாக்கும் கம்பிச்சுருள்), லிக்விடிலோ (ஆவியாகும் நிக்கோடின் திரவம்), பழைய பாட்டரியிலோ இருக்கிறது. சாதனத்தை மாற்றினால் அந்தக் குறையும் கூடவே குடிபோகும்.

ஒரே ஒரு விஷயத்துக்காக மாறலாம் என்று சொல்வேன். சார்ஜ் முழுதாக இருக்கும்போது ஒரு மாதிரியும், பாதியானபோது வேறு மாதிரியும் இழுக்கிறது, அதனால் எரிச்சலாகி மறுபடி சிகரெட் பக்கம் கை போகிறது என்றால், வோல்டேஜைச் சீராக வைக்கும் நல்ல ரெகுலேட்டட் மாடல் அதைச் சரி செய்யும்.

வோல்டேஜ் கூட்டுவது என்றால் உள்ளே என்னதான் நடக்கிறது?

நம் ஊரில் ஒரு காலத்தில் சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் டியூப்லைட் எரியாது. கண்ணைக் கண்ணைச் சிமிட்டும். கிரைண்டர் முனகும். கம்பியில் வரும் வோல்டேஜ் இறங்கிப்போயிருக்கும். அதற்குத்தான் வீட்டுக்கு வீடு ஸ்டெபிலைசர் வாங்கினோம். உள்ளே என்ன வந்தாலும் வெளியே ஒரே அளவாகக் கொடு என்பதுதான் அதற்கு இட்ட வேலை.

வேப்பிலும் அதே கதைதான், சின்ன அளவில். லித்தியம் அயான் செல் முழு சார்ஜில் 4.2 வோல்ட். கொஞ்ச நேரத்தில் 3.7க்கு இறங்கும். தீரும் தறுவாயில் 3.2 பக்கம் வந்து நிற்கும். சாதாரண பேனா இந்த வோல்டேஜை அப்படியே காயிலுக்கு அனுப்பிவிடும். வோல்டேஜ் மாற்றும் மாடலில் நடுவே ஒரு சின்ன சர்க்யூட் உட்கார்ந்திருக்கும். நீங்கள் 3.8 கேட்டால், செல்லில் 4.1 இருந்தாலும் 3.4 இருந்தாலும் 3.8தான் தரும். தேவைப்பட்டால் செல்லில் இருப்பதைவிடக் கூட்டியும் தரும். 2012 வாக்கில் பிரபலமான ட்விஸ்ட் வகைப் பேனாவில் அடியில் ஒரு திருகு இருக்கும். அதைத் திருப்பினால் 3.2 முதல் 4.8 வோல்ட் வரை போகும். நான் முதலில் வாங்கிய 'மேல் மாடல்' அதுதான்.

கடையில் ஒன்றில் வோல்ட் என்று போட்டிருக்கிறது, இன்னொன்றில் வாட் என்று. எதைப் பார்க்க வேண்டும்?

வாட்டைப் பாருங்கள். காயில் எவ்வளவு சூடாகிறது என்பதைச் சொல்வது அதுதான். வோல்ட் என்பது பாதிக் கணக்கு. மீதிப் பாதி காயிலின் ஓமில், அதாவது மின் தடை அளவில், இருக்கிறது. வோல்ட்டை வோல்ட்டாலேயே பெருக்கி, ஓமால் வகுத்தால் வாட். பள்ளிக்கூடத்தில் படித்தது, இப்போதுதான் உபயோகப்படுகிறது.

1.8 ஓம் காயிலுக்கு 3.7 வோல்ட் கொடுத்தால் 7.6 வாட். அதே காயிலுக்கு 4.8 கொடுத்தால் 12.8 வாட். வோல்ட் 1.3 மடங்குதான் ஆகியிருக்கும். சூடு அநேகமாக 1.7 மடங்கு ஆகியிருக்கும். இப்போது காயிலை 1.2 ஓமுக்கு மாற்றிவிட்டுப் பழைய 3.7லேயே வையுங்கள்: 11.4 வாட். திருகையே தொடவில்லை, ஆனாலும் சூடு கூடிவிட்டது.

இதனால்தான் பக்கத்து அறைக்காரர் '4.5ல் வைத்தால் அருமை' என்று சொல்வதை நம்ப வேண்டாம் என்கிறேன். அவர் டேங்க்கில் (லிக்விட் ஊற்றும் குப்பி) எத்தனை ஓம் காயில் என்று தெரியாமல் அந்த எண்ணுக்கு அர்த்தமே கிடையாது. இப்போது வரும் மாடல்களில் வாட்டை மட்டும் வைத்தால் போதும். ஓமை அதுவே அளந்து வோல்ட்டைத் தானே முடிவு செய்துகொள்ளும். இந்தக் காலத்தில் வெறும் வோல்டேஜ் திருகு உள்ள மாடலுக்கு அதிகப் பணம் கொடுப்பது தேவையில்லாதது.

மேல் மாடலுக்குப் போவதற்கு முன்பு செலவில்லாமல் எதையாவது சோதிக்க முடியுமா?

முடியும். இதைச் செய்யாமல் யாரும் பர்ஸைத் திறக்க வேண்டாம். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். முக்கால்வாசிப் புகார் அந்த ரகம்.

புதுக் காயில் ஒன்று போடுங்கள். அதன் பக்கவாட்டில் இத்தனை ஓம், இத்தனை வாட்டிலிருந்து இத்தனை வாட் வரை என்று பொடி எழுத்தில் அச்சடித்திருக்கும். படித்துப் பாருங்கள், நிறையப் பேர் அதைப் படித்ததே கிடையாது. காயிலுக்குள் இருக்கும் பஞ்சில் நாலு சொட்டு லிக்விட் விட்டு, டேங்க்கை நிரப்பிப் பத்து நிமிடம் அப்படியே வையுங்கள். ஊறாத பஞ்சைச் சூடாக்கினால் முதல் இழுப்பிலேயே கருகும், அப்புறம் அந்தக் காயில் முழுக்க அந்த நாற்றம்தான். பிறகு ரப்பர் வளையங்களைப் பார்த்து, செல் முனையிலும் டேங்க் முனையிலும் படிந்திருக்கும் பிசுக்கை ஒரு துணியால் துடையுங்கள். சார்ஜையும் முழுதாகப் போட்டுக்கொள்ளுங்கள். மூன்று நாள் பாருங்கள். அப்போதும் திருப்தி இல்லை என்றால் மேலே படிக்கலாம்.

விலை உயர்ந்ததில் திரையில் காட்டும் எண் உண்மையாக இருக்குமா?

இந்தக் கேள்வி கேட்பவரை எனக்குப் பிடிக்கும். கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

கோலாலம்பூரில் ஒரு கடையில் மலிவாக ஒரு பெட்டி மாடல் வாங்கினேன். திரையில் 3.7 வைத்தால் தொண்டை எரிந்தது. பழைய பேனாவில் அதே டேங்க், அதே 3.7, சுகமாக இருந்தது. மல்டிமீட்டரில் வைத்துப் பார்த்தேன், சமர்த்தாக 3.7 என்றது. விற்றவரிடம் கேட்டதற்கு, "உங்கள் தொண்டைதான் சரியில்லை" என்றார். வேலை பார்த்த கடையில் ஆஸிலாஸ்கோப் இருந்தது; வோல்டேஜ் ஏறி இறங்குவதைத் திரையில் கோடாகக் காட்டும் கருவி. ஒரு ராத்திரி எல்லாரும் போன பிறகு அதில் மாட்டினேன். திரையில் நேர்க்கோடு வரவேண்டிய இடத்தில் கோயில் மதில் மாதிரி ஏற்ற இறக்கமாக ஒரு வரிசை. ஆறு வோல்ட், பூஜ்யம், ஆறு வோல்ட், பூஜ்யம் என்று நொடிக்கு முப்பது தடவைக்கு மேல் அணைத்து அணைத்துப் போட்டுக்கொண்டிருந்தது. சராசரி எடுத்தால் 3.7 வரும், மல்டிமீட்டரும் சராசரியைத்தான் சொன்னது. ஆனால் காயில் சூடாவது சராசரியைப் பொறுத்து இல்லை; வோல்ட்டின் வர்க்கத்தைப் பொறுத்து. அந்தக் கணக்கில் காயிலுக்குப் போனது 4.7 வோல்ட்டுக்குச் சமம். 1.8 ஓமில் 7.6 வாட் என்று நினைத்து 12 வாட்டுக்கு மேல் இழுத்துக்கொண்டிருந்திருக்கிறேன். தொண்டையில் ஒரு கோளாறும் இல்லை.

வீட்டில் எலக்ட்ரானிக் ரெகுலேட்டரை ஒன்றாம் நம்பரில் வைத்தால் ஃபேன் 'உம்' என்று முனகுகிறதே, அதுவும் இப்படி மின்சாரத்தை வெட்டி வெட்டி அனுப்புவதால் வரும் முனகல்தான். ஆரம்பகால மலிவு மாடல்களில் இந்தக் கோளாறு சகஜம். வெட்டாமல் சீராகத் தரும் சர்க்யூட்டுக்குத்தான் அன்றைக்கு அதிக விலை கொடுத்தோம். இப்போது நடுத்தர விலையிலேயே ஒழுங்கான சர்க்யூட் வந்துவிட்டது. ஆக, ரொம்ப மலிவிலிருந்து நடுத்தரத்துக்குப் போனால் வித்தியாசம் தெரியும்; நடுத்தரத்திலிருந்து உச்சத்துக்குப் போனால் உடல் பளபளப்பும் திரையின் கலரும்தான் கூடும்.

வோல்டேஜைக் கூட்டினால் கிக் கூடுமா?

கூடும், ஒரு எல்லை வரை. சூடு கூடினால் அதிக லிக்விட் ஆவியாகும், அதோடு நிக்கோடினும் அதிகம் வரும். அந்த எல்லையைத் தாண்டினால் பஞ்சு லிக்விடை உறிஞ்சும் வேகத்தைவிட ஆவியாகும் வேகம் அதிகமாகிவிடும். பஞ்சு காயும். அப்போது வருவது கருகல் இழுப்பு. தோசைக்கல்லில் எண்ணெய் தடவாமல் மாவு ஊற்றிய மாதிரி.

லிக்விடில் இருக்கும் புரோப்பலீன் கிளைக்கால் 188 டிகிரியில் கொதிக்கும், கிளிசரின் 290 டிகிரியில். அளவுக்கு மீறிச் சூடாக்கினால் இவை உடைந்து ஃபார்மால்டிஹைடு, அக்ரோலீன் போன்றவை உண்டாகும். 2015 ஜனவரியில் அமெரிக்காவின் போர்ட்லாந்து மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், 3.3 வோல்ட்டில் தென்படாத ஃபார்மால்டிஹைடு சேர்மங்கள் 5 வோல்ட்டில் ஏராளமாக வந்ததாக நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் எழுதினார்கள். அந்தக் காயிலில் 5 வோல்ட் என்பது மனிதர் யாரும் இழுக்கச் சகிக்காத கருகல் நிலை என்று வேறு ஆய்வாளர்கள் மறுத்தார்கள். இரண்டு தரப்பையும் படித்தபின் எனக்குத் தோன்றியது இவ்வளவுதான்: கருகல் வாசம் வந்தால் 'பரவாயில்லை, இன்னும் இரண்டு இழுப்பு' என்று போகாதீர்கள். திருகைக் குறையுங்கள், இல்லையேல் காயிலைத் தூக்கிப் போடுங்கள்.

பெரிய மாடலுக்கு மாறினால் இதே லிக்விடை ஊற்றலாமா?

கூடாது. இதில்தான் ஆள் விழுகிறது.

லண்டனில் இருக்கும் என் சித்தப்பா மகன், சின்ன 'பாட்' (pod) வகை வேப்பில் ஊற்றிவந்த, ஒரு மில்லிக்கு 20 மில்லிகிராம் நிக்கோடின் உள்ள சால்ட் லிக்விடை, புதிதாக வாங்கிய 60 வாட் மாடலில் அப்படியே ஊற்றி நாலு இழுப்பு இழுத்திருக்கிறான். தலை சுற்றி, வியர்த்து, வாந்தி எடுத்துக் குளியலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டான். போனில் என்னைக் கூப்பிட்டு, "அண்ணே, பாட்டரியில் ஏதோ விஷம் இருக்கு" என்றான். விஷம் பாட்டிலில் இருந்தது.

கணக்கு இதுதான். சின்ன பாடில் ஒரு நாளைக்கு 2 மில்லி போகிறது என்றால், 20 மில்லிகிராம் லிக்விடில் மொத்தம் 40 மில்லிகிராம் நிக்கோடின். பெரிய டேங்க்கில் 8 மில்லி போகும். அதில் 3 மில்லிகிராம் லிக்விட் ஊற்றினால் 24. பழைய 20ஐயே ஊற்றினால் 160! சின்ன சாதனத்துக்குக் கெட்டியான லிக்விட், பெரிய சாதனத்துக்கு நீர்த்த லிக்விட். பிரிட்டனில் 20 மில்லிகிராமுக்கு மேல் விற்கவே கூடாது, டேங்க்கும் 2 மில்லிக்கு மேல் பிடிக்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது; ஆனால் எந்தப் பாட்டிலை எதில் ஊற்றுகிறீர்கள் என்று பக்கத்தில் வந்து நிற்க யாரும் இல்லை.

பாட்டரி விஷயத்தில் என்ன பார்க்க வேண்டும்?

காரைக்குடிக்காரனிடம் பாட்டரி பற்றிக் கேட்டால் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்துவான், பொறுத்துக்கொள்ளுங்கள். மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், நாங்கள் 'செக்ரி' என்று சொல்வது, இங்கேதான் இருக்கிறது. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்து வரவழைத்தது. 1948ல் நேரு அடிக்கல் நாட்டினார், 1953 பொங்கல் நாளில் திறந்தார்கள். லித்தியம் பாட்டரி ஆராய்ச்சி அங்கே இன்றைக்கும் நடக்கிறது. அந்தச் சுற்றுச்சுவரைக் கடந்து பள்ளிக்கூடம் போனவன் என்பதைத் தவிர எனக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

சரி, விஷயத்துக்கு வருவோம். பெரிய மாடல்களில் 18650 என்ற செல் வரும். பெயரே அளவுதான்: 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம். செல் எவ்வளவு மின்சாரம் சேமிக்கும் என்ற mAh அளவு கூடுதலாக இருந்தால் நல்லது என்று எல்லாரும் அதையே பார்க்கிறார்கள். வேப்புக்கு அதைவிட முக்கியம், செல் தொடர்ந்து எத்தனை ஆம்பியர் தாங்கும் என்பது. ஒரே ஒரு செல் போடும் மாடலில் 80 வாட் வைத்தால், செல் 3.5 வோல்ட்டுக்கு இறங்கும்போது கிட்டத்தட்ட 23 ஆம்பியர் இழுக்கும். நல்ல செல் பலவற்றுக்கும் 20 ஆம்பியர்தான் எல்லை. அதே மாடலில் 12 வாட்டில் இழுப்பவருக்கு நாலு ஆம்பியர்கூட ஆகாது. 'இருநூறு வாட்' என்று பெட்டியில் போட்டிருப்பது யாருக்கு என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

18650 செல்லில் 9900 mAh என்று உறையில் அச்சடித்திருந்தால் அது பித்தலாட்டம். அந்த அளவு உடம்பில் 3600க்கு மேல் போவதே அபூர்வம். செல்லின் பிளாஸ்டிக் உறை நகத்தளவு கிழிந்திருந்தாலும் போடாதீர்கள். உதிரிச் செல்லைச் சில்லறையோடும் சாவிக்கொத்தோடும் பாக்கெட்டில் போடுவதைப் பற்றி நான் சொல்லவே வேண்டாம், தொடையில் தழும்போடு ஒரு நண்பர் இருக்கிறார். விமானத்தில் போனால் சாதனமும் செல்லும் கைப்பையில்தான் இருக்க வேண்டும். ஏற்றிவிடும் பெட்டியில் போடக் கூடாது.

டெம்பரேச்சர் கண்ட்ரோல் என்று ஒன்று இருக்கிறதாமே?

நிக்கல், டைட்டானியம், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பிகள் சூடானால் ஓம் ஏறும். அந்த ஏற்றத்தை வைத்துச் சூட்டைக் கணித்து, அளவு மீறினால் சாதனம் கரண்டைக் குறைக்கும். கருகல் இழுப்பைத் தடுக்க நல்ல ஏற்பாடு. 'காந்தல்' (Kanthal) என்ற சாதாரண உலோகக் கலவைக் கம்பியில் வேலை செய்யாது. பொறுமை இருப்பவர்களுக்கு.

பணக் கணக்கு எப்படி வரும்?

நம்மவர்கள் ஐந்தொகை போடாமல் எதிலும் இறங்க மாட்டார்கள் என்று பெயர். இதில் மட்டும் சாதனத்தின் விலையை எழுதிவிட்டுப் பேரேட்டை மூடிவிடுகிறார்கள். சாதனம் ஒருமுறைச் செலவு. உண்மையான செலவு லிக்விடிலும் காயிலிலும் இருக்கிறது.

லண்டன் பையனுக்கு நான் போட்டுக் கொடுத்த கணக்கு: பிரிட்டனில் 2026 அக்டோபர் 1 முதல் பத்து மில்லி லிக்விடுக்கு 2 பவுண்டு 20 பென்ஸ் தனி வரி. நாளைக்கு 2 மில்லி இழுப்பவருக்கு மாதம் 60 மில்லி. வரி மட்டும் 13 பவுண்டு 20 பென்ஸ். பெரிய மாடலில் நாளைக்கு 8 மில்லி என்றால் 240 மில்லி. வரி மட்டும் 52 பவுண்டு 80 பென்ஸ். லிக்விட் விலை இதற்கு வெளியே. பையன் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அப்பச்சிக்குத் தெரிய வேண்டாம்" என்றான்.

2025 ஜூன் 1 முதல் அங்கே தூக்கி எறியும் வேப் விற்பனைக்குத் தடை. அதனால் டிஸ்போசபிளிலிருந்து மாறுகிறவர்கள் ஏதாவது ஒன்றை வாங்கத்தான் வேண்டும். அவர்களுக்குச் சார்ஜ் செய்யும் சின்ன பாட் போதும்.

ஊருக்கு வரும்போது கையில் கொண்டுவரலாமா?

கொண்டுவரக் கூடாது. தமிழ்நாட்டில் 2018லேயே தடை. 2019 செப்டம்பர் 18ல் மத்திய அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்து, அந்த டிசம்பரில் அது முழுச் சட்டமானது. தயாரிப்பு, இறக்குமதி, ஏற்றுமதி, விற்பனை, விநியோகம், விளம்பரம் எல்லாவற்றுக்கும் தடை. முதல் தடவைக்கு ஒரு வருடம் வரை சிறை, அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுபடி என்றால் மூன்று வருடம் வரை, ஐந்து லட்சம் வரை. இருப்பு வைத்திருந்தால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஐம்பதாயிரம் வரை அபராதம், அல்லது இரண்டும். "என் சொந்த உபயோகத்துக்கு ஒன்றே ஒன்று" என்பார்கள். திருச்சி ஏர்போர்ட்டில் இறங்கும் பெட்டிக்குள் இருப்பதும் வெளிநாட்டிலிருந்து உள்ளே வரும் பொருள்தான்.



சிங்கப்பூர் வழியாக வருகிறவர்கள் இன்னும் கவனம். அங்கே 2018 பிப்ரவரி 1 முதல் வாங்குவதும் உபயோகிப்பதும் மட்டுமல்ல, கையில் வைத்திருப்பதே குற்றம். மலேசியாவில் 2024 அக்டோபர் 1 முதல் புதுக் கட்டுப்பாட்டுச் சட்டம்; அது விற்பனையை அனுமதித்தது, ஆனால் ஜொகூர், கிளந்தான் போன்ற மாநிலங்களில் விற்கத் தடை. துபாயில் 2019 ஏப்ரல் முதல் சட்டப்படி விற்பனை.

எனவே வருடத்தில் இரண்டு மாதம் ஊரில் இருப்பவர் விலை உயர்ந்த மாடல் வாங்கினால், அந்த இரண்டு மாதம் அது அங்கே மேசையில் தூங்கும். இதையும் ஐந்தொகையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஊரில் இருக்கும் அந்த இரண்டு மாதம் என்ன செய்வது? மறுபடி சிகரெட்டா?

வேண்டாம். 2 மில்லிகிராம் நிக்கோடின் சூயிங்கம் மருந்துக்கடையில் சீட்டு இல்லாமலே கிடைக்கும். 4 மில்லிகிராம் என்றால் டாக்டர் சீட்டு வேண்டும். மிட்டாய் மாதிரி விடாமல் மெல்லக் கூடாது. இரண்டு கடி, கன்னத்தோடு ஒதுக்கி வை, காரம் அடங்கியதும் மறுபடி இரண்டு கடி. விட்டுவிட ஆலோசனை வேண்டுமென்றால் அரசின் இலவச எண் 1800-11-2356.

உங்கள் கடையில் வேப் பழுது பார்த்துத் தருவீர்களா?

மாட்டேன்.

வெறும் தண்ணீர் ஆவிதானே, வீட்டுக்குள்ளேயே இழுக்கலாமா?

இதை என்னிடம் கேட்டது ஒரு ஆச்சி. மகன் அப்படித்தான் சொல்லியிருக்கிறான். போன வருடம் அவர்கள் வீட்டு வளவில் (உள்முற்றம்) தூணோரம் நின்று அவன் இழுத்ததை நானும் பார்த்தேன். மேலேயிருந்து விழும் பதினோரு மணி வெயிலில் அந்தப் புகை கலையாமல் ஒரு வெள்ளைத் திரையாகத் தொங்கியது. தண்ணீர் ஆவி என்றால் அந்த வெயிலில் நொடியில் காணாமல் போயிருக்கும். அது கிளிசரின், புரோப்பலீன் கிளைக்கால், நிக்கோடின், வாசனைப் பொருள் எல்லாம் கலந்த நுண்துளிகள். காயிலிலிருந்து உலோகத் துணுக்கும் கொஞ்சம் வரும். சிகரெட் புகையில் உள்ள தாரும் கார்பன் மோனாக்சைடும் இதில் இல்லை என்பது உண்மை. அதற்காகக் குழந்தைகள் பாண்டி ஆடும் இடத்தில் ஊதலாம் என்று ஆகிவிடாது.

வெளிநாட்டில் உங்கள் வீட்டில் குழந்தை இருந்தால், லிக்விட் பாட்டிலைப் பூட்டி வையுங்கள். மாம்பழ வாசம், பளிச்சென்ற லேபிள். விழுங்கினால் ஆபத்து.

2019ல் அமெரிக்காவில் வேப்பால் செத்தார்களே, அது வோல்டேஜாலா?

வோல்டேஜால் இல்லை. பெரும்பாலும் கஞ்சாச் சத்து கலந்த கள்ளச்சந்தைக் குப்பிகளில் சேர்த்திருந்த வைட்டமின் ஈ அசிட்டேட்தான் காரணம் என்று கண்டுபிடித்தார்கள். 2020 பிப்ரவரி வரை 2,807 பேர் பாதிக்கப்பட்டார்கள், 68 பேர் இறந்தார்கள். எங்கே செய்தது என்று தெரியாத லிக்விடை எந்த விலைச் சாதனமும் சுத்தம் செய்து தராது.

சிகரெட்டை விடத்தான் வேப் எடுத்தேன். பெரிய மாடல் அதற்கு உதவுமா?

நிக்கோடின் உள்ள வேப், நிக்கோடின் சூயிங்கம், தோலில் ஒட்டும் பட்டை போன்றவற்றைவிட அதிகம் பேரைச் சிகரெட்டிலிருந்து விடுவிக்கிறது என்று, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து அலசும் காக்ரேன் அமைப்பு சொல்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் இதற்குக் கடுமையான கட்டுப்பாடு வேண்டும் என்றது. பெரியவர்கள் சண்டை, நான் நடுவில் வரவில்லை.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். சிகரெட்டிலிருந்து என்னை இழுத்துவந்தது அந்தத் திருகு வைத்த பேனாதான். அதன் பிறகு வாங்கிய மூன்று மாடலும் சிகரெட்டுக்கு எதிராக ஒன்றும் செய்யவில்லை. சிகரெட் அதற்குள் போயிருந்தது. அவை வளர்த்தது வேப் ஆசையைத்தான். புதுக் காயில், புது டேங்க், சனிக்கிழமை முழுக்கக் கம்பி சுற்றுவது. விட முடிவெடுத்தபோது ரெகுலேட்டட் மாடலின் உண்மையான பயன் தெரிந்தது: ஒவ்வொரு நாளும் ஒரே மாதிரி இழுப்பதால், லிக்விடின் நிக்கோடினை 12, 6, 3, பூஜ்யம் என்று இறக்கும்போது எது குறைகிறது என்று எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. எட்டு மாதம் ஆனது. அளவைக் குறைத்த ஒவ்வொரு தடவையும் கை தானாக வாட்டைக் கூட்டப் பார்க்கும். அதைக் கூட்டாமல் இருப்பதுதான் வேலை.

கடைசியாக வாங்கிய அந்த விலை உயர்ந்த மாடல் இப்போது எங்கே?

கோலாலம்பூரில் என்னோடு அறையில் இருந்த தேவகோட்டைக்காரர் வாங்கிக்கொண்டார். பாதி விலைதான் கொடுத்தார், அதையும் இரண்டு தவணையில். ஊர் திரும்புவதற்கு முன் சொல்லிக்கொள்ளப் போனபோது சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினார். எழுபத்தைந்து வாட் வரை போகும் மாடல். திரையில் ஒன்பது என்று இருந்தது. "வாங்கின நாளா இதிலேயேதான் வச்சிருக்கேன்" என்றார்.